முயலைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு, எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிப் பையன் செருப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். உள்ளே வெள்ளை முயல். "நேத்துக் காலைல இருந்து ஒண்ணுமே திங்கலீங்க அத்தை. அப்பா நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாருங்க" என்றான். நான்காம் வகுப்புப் படிக்கிறவன். முயலின் காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிறு உப்பிக் கெட்டிப்பட்டிருந்தது. முயல் பார்க்கிற மருத்துவர் யார் என்று நாலைந்து பேருக்குப் போன் போட்டு விசாரித்து, கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி பத்தரை. விடிவதற்குள் அது செத்துவிட்டது.

அந்தப் பையனை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நம்மைத்தான், பெற்றவர்களை. 'பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும்' என்று முயல் வாங்கிக் கொடுக்கிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிங்க ஓர் உயிருக்குப் பொறுப்பாவான்? அவனால் வண்டி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக முடியுமா? அவனுக்கே காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவீர்களா? முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். காலைவரை பொறுப்பதற்கு அதன் உடம்பில் இடமில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுப் பால்கனியில் கூண்டைப் பார்த்தேன். பாதி கடித்த கேரட், நமத்துப்போன பிஸ்கட், கிண்ணம் நிறையக் குச்சித்தீவனம். புல் ஓர் இழை கூட இல்லை.

கார்ட்டூன் முயல் கேரட் தின்கிறது என்பதற்காக நம் வீட்டு முயலையும் கேரட்டில் வளர்க்கிறோம். கேரட் அதற்கு மிட்டாய். வாரத்துக்கு இரண்டு மூன்று துண்டு போதும். பிஸ்கட், ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் ஆகாது. அது தின்பதில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்க வேண்டும். காரணம் வாயிலேயே இருக்கிறது. முயலின் முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் சாகும்வரை வளரும். முன்பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். நார்ப்புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் பல் தேயும், குடலும் ஓடும். புல் இல்லாத முயலுக்குக் கடைவாய்ப் பல் கூர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வலியில் தின்பதை நிறுத்தும். குடல் நிற்கும். மூன்றாவது மாடி முயலின் கதையும் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

கடையில் பாக்கெட்டில் வரும் வெளிநாட்டுத் திமோத்திப் புல் விலை கட்டுப்படியாகவில்லை என்று என்னிடம் சொல்கிறீர்கள். நாம் இருப்பது கொங்கு நாட்டில். மாதம் ஒருமுறையாவது அன்னூருக்கோ காங்கேயத்துக்கோ தோட்டத்துக்குப் போய் வருகிற வீடுகள் எத்தனை! கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் காங்கேயம் மாடு மேய்கிற கொழுக்கட்டைப்புல் முயலுக்கும் அருமையான தீனி. அறுத்து நிழலில் உலர்த்தி ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தால் மாதக் கணக்கில் வரும். அருகம்புல் தரலாம். கோ-4, கோ-5 தீவனப்புல்லையும் கலந்து தரலாம். அந்தக் 'கோ' நம் கோயம்புத்தூர்தான், இங்கிருக்கும் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ரகங்கள். பூஞ்சை வாடை அடிக்கிற புல்லையும் இளஞ்சோளப் பயிரையும் மட்டும் தொடாதீர்கள். இளஞ்சோளம் தின்றால் மாடே விழும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள். காலி மனையில் பிடுங்கிய புல்லும் வேண்டாம். மருந்து அடித்திருப்பார்கள், நாய் மூத்திரம் பெய்திருக்கும். புல்லுக்கு மேல் ஒரு கைப்பிடி கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை என்று கழுவி, ஈரம் வடித்துப் போடுங்கள்.

"முயல் பண்ணை வச்சிருக்கறவங்க குச்சித்தீவனமும் குதிரைமசாலும்தானுங்க போடறாங்க" என்று ஓர் அம்மா என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. பண்ணை முயல் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை ஏறினதும் கறிக்குப் போய்விடும். சீக்கிரம் சதை வைப்பதற்கான தீனி அது. வீட்டு முயல் எட்டிலிருந்து பத்து வருடம் வாழ வேண்டியது. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆறு மாதம்வரை பரவாயில்லை, வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் மூத்திரம் சுண்ணாம்புக் குழம்பாகி, மூத்திரப்பையில் கல் கட்டும். கம்பிவலைத் தரையும் பண்ணைக் கணக்குதான். கழுவச் சுலபம், மூன்று மாதத்துக்குத் தாங்கும். வருடக் கணக்கில் அதன்மேல் உட்கார்ந்தால் முயலின் பின்னங்கால் முடி உதிர்ந்து புண் வைக்கும். முயலின் பாதத்தில் நாய்க்கு இருக்கிற மாதிரி மெத்தை கிடையாது. கோரைப்பாய் ஒரு துண்டு விரித்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். முழுப்பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரலில்தான் நாம் முயல் வாங்குகிறோம். முயல் வாங்க அதைவிட மோசமான மாதம் இல்லை. "எங்க தோட்டத்துல முயல் உச்சி வெயில்லயும் ஓடுதுங்களே" என்கிறார்கள். அது காட்டு முயல், வேறு இனம். குழி தோண்டாது. குட்டி பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். நம் கூண்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். மண்ணுக்குள் வளை தோண்டிப் பகலில் குளிர்ச்சியில் கிடக்கிற சாதி. நம் மாநிலத்தில் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்த்த இடங்களில் இரண்டைப் பாருங்கள், நீலகிரியில் சாண்டிநல்லா, கொடைக்கானல் மலையில் மன்னவனூர். இரண்டும் குளிர் மலை. அப்படிப்பட்ட முயலைக் கொண்டுவந்து மேற்குப் பார்த்த பால்கனியில், தகரக் கூரைக்கு அடியில் வைக்கிறோம்.

முயலுக்கு வியர்க்காது. சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். நம் ஊர் மார்ச், ஏப்ரலில் 35-ஐத் தாண்டும். வியர்க்காத உடம்புக்கு மின்விசிறி மட்டும் போதாது. வீட்டுக்குள்ளே, கடப்பாக் கல் தரையில் இடம் கொடுங்கள். தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், அதுவே சாய்ந்துகொள்ளும். காதை ஈரத்துணியால் ஒற்றிவிடலாம். குளிப்பாட்டுவது மட்டும் கூடவே கூடாது, அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போகலாம். வாய் திறந்து மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

காதைப் பிடித்துத் தூக்குவதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், ஒரு கை பின்புறத்துக்குக் கீழ். சின்னப் பிள்ளைகள் தூக்கவே வேண்டாம். பயத்தில் பின்னங்காலை உதறினால் அதன் முதுகெலும்பே முறியும். தரையில் உட்காரச் சொல்லுங்கள், அதுவே மடிக்கு வரும். விடிகாலையில் மென்மையான புழுக்கையை அது தின்பதைப் பார்த்து அருவருத்து அடிக்காதீர்கள். தன் வைட்டமினைத் தானே செய்து தின்கிறது.

பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை ஊற்றாதீர்கள். குடலில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்று முயலையும் கொல்லும். நாய்க்கு உண்ணி போக விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலைக் கொல்லக்கூடியது.

கடைக்காரர் "ரெண்டும் பொட்டைங்க" என்று ஜோடியாகக் கொடுப்பார். நம்பாதீர்கள், மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வரும், சினைக்காலம் 31 நாள், ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஆணுக்குக் கருத்தடை செய்யாவிட்டால் சில மாதங்களில் கூண்டு நிறையக் குட்டி இருக்கும். அப்போதுதான் சிங்காநல்லூர்க் குளத்தோரம் கொண்டுபோய் விட்டுவரும் யோசனை வருகிறது. 'இயற்கையோட இருக்கட்டும்' என்கிறீர்கள். அந்த வெள்ளை முயல் அங்கே நாய்க்கும் கீரிக்கும் ஓரிரவுத் தீனி. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். உங்கள் பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

வாங்குவதாக இருந்தால் முதலில் முயல் பார்க்கிற மருத்துவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இதை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போங்கள். கூண்டில் புல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, காலையிலிருந்து புழுக்கை போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள்.