பிறப்பால் வருமா வாத்தியார் வேலை?

ஆசியாவின் எந்தப் பெருநகரத்திலும் ஆங்கில ஆசிரியர் வேலைக்கான விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். படிப்பு, அனுபவம் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்ற தகுதி நிற்கும். நம் ஊர்ப் பெற்றோரும் இதற்கு விலக்கல்ல. ஆன்லைனில் பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒரு வெள்ளைக்காரர் கிடைத்துவிட்டால் கட்டணம் எவ்வளவு என்றுகூடக் கேட்பதில்லை. ஒரு மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவருக்கு அதைக் கற்பிக்கவும் வரும் என்ற இந்த நம்பிக்கையைப்போல நெடுநாள் கேள்வி கேட்கப்படாமல் பிழைத்த அபத்தம் கல்வித்துறையில் அதிகம் இல்லை.

இதன் சாயம் வெளுப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஆசிரியப் பயிற்சி வகுப்பில்தான் உட்கார வேண்டும். கேம்பிரிட்ஜ் வழங்கும் ‘செல்டா’ சான்றிதழுக்காக நான் போனது வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு. முழுநேரமாகப் படித்தால் நான்கு வாரம், 120 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் பயிற்றுநர் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பார். மாணவர்கள் வேலை முடிந்து இலவச வகுப்புக்கு வரும் உள்ளூர்க்காரர்கள்: வங்கி ஊழியர், மருந்துக்கடைப் பெண், ஹோட்டல் பையன். எங்கள் குழுவில் பாதிப் பேர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா. மீதிப் பேர் வியட்நாமியர், பிலிப்பினோக்கள், நான்.

ஒரு மாலை மருந்துக்கடைப் பெண் கேட்டார்: “ஐ லிவ்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ், ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ், என்ன வித்தியாசம்?” பாடம் நடத்தியவர் இங்கிலாந்துக்காரர், நல்ல மனிதர். இரண்டு வாக்கியங்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது இந்த இடத்தில் காதுக்குச் சரியாகப் படுகிறது என்றார். அந்தப் பெண் அதையும் பணிவாகக் குறித்துக்கொண்டார். அடுத்து வகுப்பெடுத்த வியட்நாமியத் தோழி பலகையில் இரண்டு கோடு போட்டார். ஒன்று பழைய காலத்திலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டது. மற்றொன்று இன்றைய தேதியில் வந்து முட்டியது. “முதல் ஆள் ஊரைக் காலி பண்ணிவிட்டார், இரண்டாவது ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்.” வியட்நாமிய மொழியில் காலத்துக்கேற்ப வினை உருமாறுவதில்லை. அதனால் எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தக் குழப்பத்தை அவரே கடந்து வந்தவர்.

உச்சரிப்பிலும் இதே கதைதான். நைஸ், நைன், நைட், நைஃப் எல்லாம் அந்த மாணவர்கள் வாயில் வெறும் ‘நை’. கடைசி மெய் விழுந்துவிடும். (நமக்கு நேர்மாறான வியாதி: உகரம் சேர்த்து ‘பஸ்ஸு’, ‘லைட்டு’.) எங்கள் ஆஸ்திரேலியத் தோழர் கண்ட வைத்தியம், சொல்லை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்லச் செய்வது. சத்தமான ‘நை’ கிடைத்தது. வியட்நாமிய மொழியில் ‘ஐ’ ஓசைக்குப் பின் மெய் வந்து சொல் முடிவதில்லை என்று தெரிந்த தோழியோ உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்த்தார்: ‘நைன் ஆப்பிள்ஸ்’. னகரம் அடுத்த உயிரின் மேல் ஏறிக்கொண்டது, வகுப்பே சொல்லிவிட்டது.

பயிற்சி முடிந்ததும் அந்தத் தோழருக்குக் கிடைக்கப்போகும் சம்பளத்தில் பாதியாவது தனக்குக் கிடைக்குமா என்பது தோழிக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு: தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கை.

இந்தப் பயிற்சி பிறந்த கதையே அந்த நம்பிக்கைக்கு எதிர்சாட்சி. ஜான் ஹேக்ராஃப்ட், பிரீட்டா ஹேக்ராஃப்ட் தம்பதி 1953இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார்கள். பிறகு லண்டனுக்கு வந்தவர்கள் 1962இல் ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி வகுப்பை ஆரம்பித்தார்கள். இன்றைய செல்டாவின் மூதாதை அதுதான். ஆங்கிலம் பேசுவோருக்கு லண்டனில் பஞ்சமா? பேசத் தெரிந்தவர் நிறைய, சொல்லித்தரத் தெரிந்தவர் குறைவு என்பதால்தானே பயிற்சி தேவைப்பட்டது!

அதற்கு ஓராண்டு முன்புதான், 1961இல், உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், இலட்சிய ஆசிரியர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே என்பன போன்ற கருத்துகள் அங்கே வலுப்பெற்றன. காலனிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிக்கொண்டிருந்த நேரம் அது. கொடி இறங்கிய பிறகும் நிபுணர்களும் பாடநூல்களும் எங்கிருந்து ஏற்றுமதியாக வேண்டும் என்பதற்கு இதைவிட வசதியான கோட்பாடு வேறு ஏது? 1992இல் மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் இந்தக் கருத்துகளை வரிசையாக எடுத்து, அத்தனையும் போலி நியாயம் என்று எழுதினார். யாழ்ப்பாணத்துக்காரரான சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில், போர்க்கால யாழ்ப்பாண வகுப்பறைகளை வைத்தே ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை விசாரித்தார். நூல்கள் வந்தன, விளம்பரம் மாறவில்லை.

தென்கொரியாவின் விசா விதியைப் பாருங்கள். ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசாவுக்கு வழக்கமாக ஏழு நாட்டுக் குடிமக்கள்தான் தகுதி: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. சிங்கப்பூரிலோ 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 48 சதவீதம் பேருக்கு வீட்டில் அதிகம் புழங்கும் மொழியே ஆங்கிலம்தான். சிங்கப்பூர் பட்டியலில் இல்லை. இது மொழியைச் சோதிக்கும் விதி என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ‘இலக்கணப்படி சரி, ஆனால் நாங்கள் இப்படிச் சொல்ல மாட்டோம்’ என்று சட்டென்று சொல்லும் காது அவர்களுக்கு உண்டு. மேல்நிலை மாணவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அசல் உச்சரிப்பு வேண்டும் என்ற வாதம் எடுபடாது. எது அசல், கிளாஸ்கோவா டெக்சஸா? அந்த மருந்துக்கடைப் பெண்ணின் கடைக்கு வரும் வெளிநாட்டவரில் கொரியரும் ஜப்பானியரும்தான் அதிகமாம்.

வெள்ளைக்காரர் விஷயத்தில் இதை ஒப்புக்கொண்டாலும், நம் மொழி என்று வந்தால் அதே தவற்றைத்தான் செய்கிறோம். புலம்பெயர்ந்த நாடுகளின் வார இறுதித் தமிழ் வகுப்புகளில், தமிழ் பேசத் தெரிந்த பெற்றோரே பெரும்பாலும் ஆசிரியர்கள். அவர்களுடைய உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் ‘நான் தோசை சாப்பிடுகிறேன்’ என்றால் சரி, ‘நான் தோசை பிடிக்கும்’ என்றால் ஏன் தப்பு என்று அங்கே பிறந்த குழந்தை கேட்டால், “அப்படித்தான்மா சொல்லணும்” என்பதுதான் பதில். இங்கிலாந்துக்காரர் சொன்ன அதே பதில், தமிழில். பசிப்பது, பிடிப்பது, தெரிவது, வேண்டியிருப்பது எல்லாம் நாம் செய்வதல்ல, நமக்கு நேர்வது. அங்கெல்லாம் ‘எனக்கு’ வரும் என்று விளக்கக்கூடியவர், பெரும்பாலும் அந்த மொழியை முட்டி மோதிக் கற்றவராகத்தான் இருப்பார். நான் பார்த்த ஒரு பள்ளியில் அப்படி ஒரு பெண் இருந்தாள், இருபது வயதுக்கு மேல் தமிழ் படித்தவள். பாடம் நடத்த ஒரு வகுப்பு கேட்டாள். ழகரம் சரியாக வரவில்லை என்று சொல்லி அவளை வருகைப் பதிவேடு எழுத உட்கார வைத்திருந்தார்கள்.