அடுத்த பாகத்துக்குப் புது எஞ்சின் தேவையா?

கம்ப்யூட்டர் கேம்ஸ் விளையாடுபவர்களுக்கு டூம் என்ற பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1993-ல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட அந்த கேம் அன்று 386 பிராசசரும் 4 எம்பி மெமரியும் இருந்தாலே ஓடியது. அதே வரிசையில் 2020-ல் டூம் எடர்னல் வந்தது. 2025 மே மாதம் டூம்: த டார்க் ஏஜஸ் வந்தது.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு இருப்பதாக வைத்துக் கொள்வோம். 2019-ல் வெளியான கார்டு இது. டூம் எடர்னல் இதில் மிக நன்றாக ஓடும். டார்க் ஏஜஸ் ஓடாது. மெதுவாக ஓடும், படம் மங்கலாகத் தெரியும் என்பதெல்லாம் இல்லை. விளையாடவே முடியாது. செட்டிங்ஸ் எல்லாவற்றையும் குறைத்து வைத்தாலும் பயன் இல்லை. காரணம், புதிய பாகம் ஐடி டெக் 8 என்ற புதிய எஞ்சினுக்கு மாறி விட்டது. அந்த எஞ்சினில் இந்த கேம் ஓட, ரே டிரேசிங் வசதியை ஹார்டுவேரிலேயே கொண்ட கார்டு கட்டாயம்.

ஒரு கேமின் அடுத்த பாகம் தயாராகும்போது பழைய எஞ்சினிலேயே இருக்க வேண்டுமா, புதிய எஞ்சினுக்கு மாற வேண்டுமா? இது கேம் தயாரிப்பாளர்களின் கவலை, நமக்கு என்ன என்று விட்டு விட முடியாது. அவர்கள் எடுக்கும் முடிவுக்குக் கடைசியில் நம் பர்ஸிலிருந்துதான் பணம் போகிறது.

எஞ்சின் என்பது என்ன?

பஸ் தயாரிப்பை நினைத்துக் கொள்ளுங்கள். சேஸிஸ் ஒரு கம்பெனியிலிருந்து வரும். அதன் மேல் பாடி கட்டுவது வேறொரு பட்டறையில் நடக்கும். ஒரே சேஸிஸில் டவுன் பஸ்ஸும் கட்டலாம், சொகுசுப் பேருந்தும் கட்டலாம். கேம் எஞ்சினும் அப்படித்தான். திரையில் படம் வரைவது, ஒலியைக் கொடுப்பது, பொருட்கள் மோதினால் என்ன ஆகும் என்று கணக்கிடுவது, கீபோர்டும் மவுஸும் சொல்வதைக் கேட்பது எல்லாம் எஞ்சினின் வேலை. கதை, எதிரிகள், ஆயுதங்கள், லெவல்கள் எல்லாம் அதன் மேல் கட்டப்படுபவை.

எனவே எஞ்சினை மாற்றினால் படம் மட்டும் மாறுவதில்லை. அடியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பொருத்த வேண்டி வரும்.

பழைய எஞ்சினில் வந்த நல்ல பாகங்கள்

முதலில் மாறாமல் இருந்தவர்களைப் பார்ப்போம். டூம் 2 அடுத்த ஆண்டே, 1994-ல் வெளியானது. எஞ்சின் பழையதுதான். புதிதாக ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி, புதிய எதிரிகள், புதிய லெவல்கள். ரசிகர்கள் குறை சொல்லவில்லை. இன்றும் அந்த கேமுக்குப் புதிய லெவல்களை உருவாக்கிக் கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த உதாரணம் உங்களில் பலர் விளையாடியதாக இருக்கும். ஜிடிஏ 3 வெளியானது 2001-ல். அடுத்த ஆண்டே வைஸ் சிட்டி வந்தது. இரண்டுக்கும் ரெண்டர்வேர் என்ற ஒரே எஞ்சின். 2004-ல் வந்த சான் ஆண்ட்ரியாஸும் அதன் மேல்தான் கட்டப்பட்டது. எஞ்சினுக்காகச் செலவாகியிருக்க வேண்டிய நேரம் நகரத்துக்கும் கதைக்கும் பைக்குகளுக்கும் ரேடியோ நிலையங்களுக்கும் போனது. வைஸ் சிட்டியை நினைத்தால் யாருக்காவது எஞ்சின் ஞாபகம் வருகிறதா?

பாதி வழியில் மாறினால்?

இதற்கு நேர் எதிர் உதாரணம் டியூக் நியூகெம் ஃபாரெவர். 1997-ல் குவேக் 2 எஞ்சினில் தயாராகும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, வேலை நடந்து கொண்டிருக்கும்போது, அன்ரியல் எஞ்சினுக்கு மாறினார்கள். செய்து வைத்திருந்த வேலையில் பெரும்பகுதியை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. 2009-ல் பணம் தீர்ந்து, தயாரிப்புக் குழுவையே கலைத்தார்கள். வேறொரு நிறுவனம் எடுத்து முடித்து 2011 ஜூனில் வெளியிட்டது. 14 ஆண்டுகள்! வந்த கேமுக்கும் நல்ல பெயர் கிடைக்கவில்லை.

எஞ்சினை மாற்றியது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'இன்னும் புதிதாக ஒன்று வந்திருக்கிறதே, அதையும் சேர்த்து விடலாமே' என்ற ஆசைக்கு முடிவே கிடையாது. கிராஃபிக்ஸ் உலகில் புதியது எப்போதும் வந்து கொண்டேதான் இருக்கும்.

மாறியே ஆக வேண்டிய நேரம்

அதற்காக எஞ்சினை மாற்றவே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஹாஃப் லைஃப் 1998-ல் குவேக் எஞ்சினைத் திருத்தி எழுதி உருவாக்கப்பட்டது. 2004-ல் ஹாஃப் லைஃப் 2 சோர்ஸ் என்ற புதிய எஞ்சினில் வந்தது. அதில் பீப்பாய்க்கும் பலகைக்கும் எடை உண்டு. தள்ளினால் உருளும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். பொருட்களை இழுத்து எறியும் கிராவிட்டி கன் அந்த இயற்பியல் கணக்கின் மேல்தான் நிற்கிறது. பழைய எஞ்சினில் இந்த விளையாட்டே கிடையாது. எஞ்சின் மாற்றம் கண்ணுக்கு மட்டுமல்லாமல் கைக்கும் வேலை கொடுத்தது. இதைத்தான் சரியான காரணம் என்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹாஃப் லைஃப் 2 புது எஞ்சினாக இருந்தும் டைரக்ட்எக்ஸ் 7 தலைமுறையின் பழைய கார்டுகளிலும் ஓடியது. பளபளப்பு குறையும், அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த டூம் 3-ம் அப்படித்தான். நிழலும் வெளிச்சமுமாக மிரட்டிய அந்த எஞ்சினில், பழைய கார்டுகளுக்கென்று தனித்தனி வழிகளை ஐடி சாஃப்ட்வேர் எழுதி வைத்திருந்தது. ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் போன்ற விலை குறைந்த கார்டு வைத்திருந்தவரும் விளையாட முடிந்தது.

கணக்கு போடுவது யார் வீட்டில்?

இப்போது டார்க் ஏஜஸுக்கு வருவோம். பழைய முறையில், ஒரு அறையில் விளக்கு வெளிச்சம் எந்தச் சுவரில் எப்படிப் படும், எங்கே எதிரொலிக்கும் என்பதை கேம் தயாரிப்பவர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களில் முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த முடிவை கேமுடன் சேர்த்துக் கொடுப்பார்கள். இதை பேக்கிங் என்பார்கள். ஒரு சுவரை நகர்த்தினாலும் மறுபடி கணக்கிட வேண்டும். பெரிய லெவல்களில் இது மணிக்கணக்கில் ஆகும் வேலை.

ரே டிரேசிங் வந்தால் இந்த வேலை இல்லை. வெளிச்சம் விளையாடும்போதே கணக்கிடப்படும். லெவலை வடிவமைப்பவர் சுவரை நகர்த்திய உடனே முடிவைப் பார்க்கலாம். தயாரிப்பு விரைவாகும், லெவல்களைப் பெரிதாக்கலாம். இதெல்லாம் உண்மையான நன்மைகள்தான்.

ஆனால் அந்தக் கணக்கு எங்கும் மறைந்து விடவில்லை. முன்பு கம்பெனியில் ஒரு முறை நடந்த வேலை, இப்போது உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் விநாடிக்கு 60 முறை நடக்கிறது. அதற்கான கார்டை வாங்குவது நீங்கள். கரண்ட் பில் கட்டுவதும் நீங்கள். கம்பெனிக்கு மிச்சமான செலவில் ஒரு பகுதி நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

டூம் எடர்னலுக்குக் குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போதும் என்றார்கள். 2016-ல் அது வெளியானபோது அமெரிக்க விலை 139 டாலர். டார்க் ஏஜஸுக்குக் குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் கேட்கிறார்கள். 2019-ல் அதன் அமெரிக்க விலை 399 டாலர். மெமரியும் 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆகி விட்டது.

மறுதரப்பின் வாதம்

இதற்கு ஒரு பதில் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லி விடுகிறேன். இதே ஐடி சாஃப்ட்வேர் 1999-ல் குவேக் 3 அரீனாவை வெளியிட்டபோது, 3டி கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களுக்குக் கதவை மூடியது. அன்றும் பலர் முணுமுணுத்தார்கள். இன்று அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. மேலும் ரே டிரேசிங் வசதி உள்ள ஆர்டிஎக்ஸ் கார்டுகள் 2018-லேயே வந்து விட்டன. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் காத்திருந்துதானே கட்டாயமாக்கினார்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் கடைகளில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாத ஜிடிஎக்ஸ் 16 வரிசைக் கார்டுகளை என்விடியா 2019-ல் தொடங்கியது. 2022-ல் கூட அந்த வரிசையில் ஜிடிஎக்ஸ் 1630 என்ற புதிய கார்டு வந்தது. அதாவது, டார்க் ஏஜஸ் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பு வரை, இந்த வசதி இல்லாத கார்டைப் புதியது என்று சொல்லித்தான் விற்றார்கள். குறைந்த பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவர் செய்த தவறு என்ன? லேப்டாப் வாங்கியவர் நிலை இன்னும் மோசம். கார்டை மட்டும் மாற்ற அவருக்கு வழியே இல்லை.

மாற்று வழியும் இல்லாமல் இல்லை. அன்ரியல் எஞ்சின் 5-ல் உள்ள லூமன் என்ற வெளிச்ச முறை, ரே டிரேசிங் ஹார்டுவேர் இல்லாத கார்டுகளிலும் சாஃப்ட்வேர் மூலம் ஓரளவு வேலை செய்யும். தரம் குறையும், ஆனால் கதவு மூடப்படாது.

வாடகை எஞ்சின்

லூமனைச் சொன்னதும், எல்லோரும் அன்ரியலுக்கே மாறி விடலாமே என்று தோன்றும். பலர் மாறிக் கொண்டும் இருக்கிறார்கள். விட்சர் வரிசையைத் தயாரிக்கும் சிடி புராஜெக்ட் நிறுவனம், ரெட்எஞ்சின் என்ற சொந்த எஞ்சினை விட்டு அன்ரியல் 5-க்கு மாறுவதாக 2022 மார்ச்சில் அறிவித்தது. ஹேலோ வரிசையின் தயாரிப்பாளர்களும் 2024 அக்டோபரில் அதையே அறிவித்தார்கள். சொந்த எஞ்சினைப் பராமரிப்பது பெரிய செலவு. வெளியில் கிடைக்கும் எஞ்சினுக்குப் பழகிய ஆட்களும் எளிதாகக் கிடைப்பார்கள்.

ஆனால் வாடகை வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர் மாறினால் நம் நிலை என்ன? ஜிடிஏ கேம்களைத் தாங்கிய ரெண்டர்வேர் எஞ்சினின் சொந்தக்காரரான கிரைட்டீரியனை 2004-ல் போட்டி நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விலைக்கு வாங்கி விட்டது. 2008-ல் ஜிடிஏ 4 வந்தபோது ராக்ஸ்டார் தன் சொந்த எஞ்சினில் இருந்தது. இன்று எல்லோரும் ஒரே வீட்டுக்குக் குடி போகும்போது இந்தப் பழைய கதையையும் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

என் கருத்து

அடுத்த பாகம் புது எஞ்சினுக்கு மாறலாம். ஆனால் நான்கு நிபந்தனைகளை வைப்பேன்.

1. வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பாதியில் மாறக் கூடாது.

2. புது எஞ்சினால் விளையாட்டில் புதிதாக ஏதாவது செய்ய முடிய வேண்டும். படம் அழகாகத் தெரிகிறது என்பது மட்டும் போதாது.

3. பழைய கார்டுகளுக்கும் ஒரு எளிய வழி வைக்க வேண்டும். 2004-ல் முடிந்தது இன்று முடியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

4. பழைய பாகத்தைப் பிடுங்கக் கூடாது. 2023 செப்டம்பரில் கவுண்டர்-ஸ்டிரைக் 2 சோர்ஸ் 2 எஞ்சினில் வந்தபோது, அது பழைய குளோபல் அஃபென்சிவ் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. மேக் கம்ப்யூட்டர்களுக்கும் டைரக்ட்எக்ஸ் 9 கார்டுகளுக்கும் ஆதரவு நின்றது. நேற்று வரை விளையாடியவர் இன்று விளையாட முடியாமல் போவது முன்னேற்றம் ஆகாது.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வார்த்தை. முந்தைய பாகம் ஓடியது, இதுவும் ஓடும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். குறைந்தபட்சத் தேவைகள் பட்டியலில் கார்டின் பெயரைப் பாருங்கள். ரே டிரேசிங் கட்டாயம் என்று இருந்தால், உங்கள் கார்டில் அது ஹார்டுவேரிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஸ்டீமில் வாங்கியிருந்தால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

புதிய கேம் ஓடவில்லையே என்று கவலைப்பட்டு உடனே புதுக் கார்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். டூம் 2 இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். இரட்டைக் குழல் துப்பாக்கி இன்னும் நன்றாகத்தான் சுடுகிறது.