கேட்காத பிள்ளையா, கேட்க முடியாத பிள்ளையா?

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வகுப்பில் பெயரெடுத்த பிள்ளைகளுள் சிலருக்கு, சொன்னது காதில் சரியாக விழுவதே இல்லை. செவியால் உணர்வதற்கும் கீழ்ப்படிவதற்கும் தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான். வகுப்பறையிலும் அந்த இரண்டையும் ஒன்றாக்கி, காதின் குறையைக் குணத்தின் குறையாக எண்ணிவிடுகிறோம். முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவி கொண்டு செவித்திறன் சோதனை நடத்த ஆணையிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பள்ளி வயதில் காணும் குறைபாடு பெரும்பாலும் முழுமையான காதுகேளாமை அன்று. சளி பிடித்தபின் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது, சீழ் வடிவது, குறும்பி அடைப்பது ஆகியவை ஓசையை மங்கச் செய்கின்றன. சிலருக்கு உட்செவியே மெல்லப் பழுதுபடுகிறது. இவை பின்னர் வருபவை என்பதால், பிறந்தவுடன் செய்த சோதனை போதாது. பேச்சில் உயிரொலிகள் உரத்து ஒலிப்பவை. இலக்கணம் வல்லினம் என்று சொல்லும் க, ச, ப ஒலிகளோ காதுக்கு மெலிந்தவை. ஆகவே அரைகுறையாகக் கேட்கும் பிள்ளைக்குப் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. பட்டம், கட்டம், சட்டம் மூன்றும் ஒன்றுபோல விழலாம். சொல்வதை எழுதும்போது நேரும் தவறு எழுத்துப்பிழை என்று திருத்தப்படும். அதே பிள்ளை, அருகில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். வீட்டிலும் ஐயம் எழாது. குழந்தைப் பருவக் காதுகேளாமையில் சுமார் 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 2013 முதல் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றனவே என்று அதிகாரிகள் சொல்லலாம். நல்ல திட்டம்தான். ஆனால் ஒரே வருகையில் பல வகைக் குறைகளைத் தேடும் குழு, காது நன்றாகக் கேட்கிறதா என்று வினவுவதோடு நின்றால் இலேசான குறைபாடு தப்பிவிடும். 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலிக்கச் செய்து, பிள்ளை கை உயர்த்துகிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். கையடக்க ஆடியோமீட்டரைப் பயிற்சி பெற்ற செவிலியரே இயக்கலாம். பள்ளி இரைச்சலில் முடிவு தவறாதா என்பது நியாயமான கேள்வி. இரைச்சலில் எளிதில் அமுங்கும் தாழ்ந்த ஒலிகளை விட்டுவிடுவதும், ஒதுக்குப்புறமான அறையைத் தேர்வதும், தேறாத பிள்ளையைச் சில வாரம் கழித்து மீண்டும் சோதிப்பதும் அதற்கு விடை. கண்டறிந்தபின் என்ன செய்வது என்ற கேள்விக்கும் வழியுண்டு: குறும்பியை அகற்றலாம், சீழுக்கு மருந்து தரலாம், தேவைப்பட்டால் செவித்துணைக் கருவி பொருத்தலாம். அதுவரை முன்வரிசையில் உட்கார வைப்பதற்குச் செலவே இல்லை.

பிள்ளைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதித்து, குறைபாடு வரும் ஆபத்தில் இருப்போரைக் கண்டறிய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அச்சட்டம் கேட்கும் பணியின் முதல் படியே இந்தச் செவித்திறன் சோதனை. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி கொடுத்த அரசு, ஆசிரியர் குரல் எட்டாத பிள்ளையையும் கைவிடலாகாது. தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரு பிள்ளையின் கற்றலை அளக்குமுன் அதன் காதை அளக்க வேண்டும். வரும் கல்வியாண்டின் சேர்க்கையிலேயே இச்சோதனையைத் தொடங்க ஆணையிடுங்கள்.