பெருசா தெரிஞ்சா போதுமா பாஸ்?

போன மாசம் நான் பண்ணின சொதப்பலை முதல்ல சொல்லிடறேன். சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, விஷயத்துக்குப் போகலாம்.

கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம் இருந்து வர்ற என் கிளாஸ்மேட், வீட்டு சோலார் விளக்கைப் பையில போட்டுக் கொண்டு வந்தான். "மாப்ள, மழை வந்தா கரன்ட் போயிடுது. தங்கச்சிக்கு பிளஸ் டூ பரீட்சை வருதுடா. பார்த்துக் குடு"ன்னான். பிரிச்சுப் பார்த்தா, 0603 சைஸ் ரெசிஸ்டர் ஒண்ணு ஒரு பக்கம் சால்டர் விட்டுப் போய்க் கிடக்கு. நீளம் 1.6 மி.மீ., அகலம் 0.8 மி.மீ. ரவை சைஸ்! எனக்கோ சோடாபுட்டிக் கண்ணாடி.

மெஸ் பில்லுக்கு வச்சிருந்த காசுல, '1000 எக்ஸ்'னு போட்டிருந்த பேனா சைஸ் யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பை வாங்கிட்டேன். ஸ்க்ரீன்ல ரெசிஸ்டர் யானை மாதிரி நின்னுச்சு. ஆனா லென்ஸ் போர்டை முத்தம் கொடுக்குற தூரத்துல இருக்கு. சால்டரிங் அயர்ன் எங்கே நுழையும்? மேலே தூக்கி வச்சேன். அடுத்த வில்லன் வந்தான். நம்ம கை நகர்ந்து கொஞ்ச நேரம் கழிச்சுதான் ஸ்க்ரீன்ல அயர்ன் நகருது. 'இன்னும் தொடலையே'ன்னு அழுத்தினேன். ரெசிஸ்டர் மட்டுமில்ல, அடியில இருந்த காப்பர் பேடும் உரிஞ்சு வந்துடுச்சு.

அவன் ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் ரொம்ப வலிச்சது.

கள்ளக்குறிச்சி கடைவீதியில ஒரு வாட்ச் ரிப்பேர் அண்ணன்கிட்ட போய் நின்னேன். கண்ணுல மாட்டியிருந்த லென்ஸைக் கழட்டாமலே சொன்னார்: "எவ்ளோ பெருசா தெரியுதுன்னு பாக்காத தம்பி. கை நுழையுதான்னு பாரு." கணக்கும் அதைத்தான் சொல்லுது. சாதா லென்ஸுக்கு 250 மி.மீ.யை அதோட பவரால வகுத்தா, பொருளை எவ்ளோ தூரத்துல வைக்கணும்னு ஏறக்குறைய வந்துடும். 10 எக்ஸுக்கு 25 மி.மீ. தான். சால்டர் பண்ணினா மூக்கு வெந்துடும். அது செக் பண்ண மட்டும். 3 எக்ஸுக்கு 8 செ.மீ. கிடைக்கும்.

அப்போ அந்த '1000 எக்ஸ்'? அதே படத்தை லேப்டாப்புல பார்த்துட்டு, ரெண்டு மடங்கு பெரிய டி.வி.யில போட்டா எக்ஸும் ரெண்டு மடங்கு ஆயிடும். புதுசா ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதனால எக்ஸைக் கேட்காதீங்க. ஸ்கேலை அடியில வச்சு, ஸ்க்ரீன்ல எத்தனை மி.மீ. தெரியுதுன்னு பாருங்க. 20, 30 மி.மீ. தெரிஞ்சா சால்டரிங்குக்கு ராஜயோகம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துக்குப் போனா, ஒரு பென்சிலோட போங்க. டெமோ காட்டச் சொல்லி, லென்ஸுக்கும் டேபிளுக்கும் நடுவுல சாய்வா நுழைச்சு வேகமா ஆட்டுங்க. ஸ்க்ரீன்ல பென்சில் பின்தங்கி வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடலாம். யு.எஸ்.பி. மாடல்ல படம் கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்திட்டு வரும். ஹெச்.டி.எம்.ஐ. மாடல் நேரா மானிட்டருக்கே அனுப்புறதால பெரும்பாலும் தாமதம் குறைவு. ஸ்டாண்ட் ஆடினா அதுவும் வேஸ்ட். லென்ஸைச் சுத்தி இருக்கிற எல்.இ.டி. வெளிச்சம் சால்டர் மேல பட்டுக் கண்ணைக் கூசும். பக்கவாட்டுல ஒரு டேபிள் லேம்ப் வச்சுக்கங்க.

காசு இருந்தா ரெண்டு கண்ணாலயும் பார்க்கிற ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்தான் கிங். ஆழம் தெரியும், தாமதமே கிடையாது. 0.5 எக்ஸ் பார்லோ லென்ஸ் மாட்டினா பெருக்கம் பாதியாகும், கை வைக்கிற இடம் ஏறக்குறைய இரு மடங்காகும். காசு இல்லையா? உங்க காலேஜ் ஜுவாலஜி லேப்ல பூச்சி பார்க்க ஒண்ணு வச்சிருப்பாங்க. நைசா மேடத்தை ஐஸ் வைங்க.

விளக்கு என்னாச்சுன்னு கேக்குறீங்களா? வாட்ச் அண்ணன் தலையில மாட்டுற 3 எக்ஸ் லென்ஸைக் கொடுத்து, பக்கத்துல ஸ்டூலும் போட்டார். பேடோட சேர்ந்திருந்த காப்பர் கோட்டு மேல பச்சைப் பூச்சை பிளேடால சுரண்டி, ஒயர்ல இருந்து ஒரே ஒரு இழையைப் பிரிச்சு, ரெசிஸ்டர் முனைக்குப் பாலம் போட்டேன். ரெண்டு மணி நேரம், நாலு டீ.

கச்சிராயபாளையம் வழியா மலைக்குப் போற பஸ்ல விளக்கோட அவனை ஏத்தி விட்டேன். ராத்திரி ஒரு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டா தங்கச்சிதான் எடுத்துச்சு.

"அண்ணா, எரியுது. ஆனா மூடியில ஒரு ஸ்க்ரூவைக் காணோமே?"

என் சட்டைப் பையில இருக்கு.