காடு மறவாத நஞ்சு

தெப்பக்காட்டு யானை முகாமில் கேழ்வரகுக் களியும் கொள்ளும் உருட்டி யானைகட்கு ஊட்டும் வேளையில், சிந்துவதைத் தின்னக் காட்டுப்பன்றிகளும் வந்து சூழும். யானை காணச் செல்வோர் பன்றியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அணுவுலைக் கேட்டின் நெடுங்கால விளைவை உலகுக்குக் காட்டி நிற்பது அவ்விலங்கே.

1986 ஏப்பிரல் 26-இல் உக்கிரைனின் செர்னோபில் அணுவுலை வெடித்தது. மக்கள் வெளியேற்றப்பெற்ற அந்நிலத்தில் இன்று ஓநாய்கள் பெருகியுள்ளன. இதைக் காட்டிக் 'கதிரியக்கத்தால் விலங்குகட்குக் கேடில்லை' என்பார் உளர். வேட்டையும் உழவும் ஒழிந்தமையால் அவை பெருகின. அது கதிரியக்கத்திற்கு நற்சான்றாகுமா? மாந்தனுக்கன்றோ அது குற்றச்சான்று! அங்குள்ள தகைவிலான் குருவிகளிடையே வெள்ளிறகுக் குறை மிகுந்ததையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

செர்னோபிலினின்று 1,200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ளது செருமானியத்தின் பவேரியா. அன்று பெய்த மழை, முகிலிலிருந்த சீசியம்-137 என்னும் நஞ்சை அக்காட்டில் இறக்கியது. அது பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் வேண்டும். இலைமட்கில் தங்கி, மண்ணுள் விளையும் காளானில் ஏறி, அதைக் கிளறித் தின்னும் பன்றியின் தசையில் சேர்கிறது. உண்ணத்தக்க உச்ச அளவு கிலோவுக்கு 600 பெக்கரல். 2023-இல் வெளிவந்த ஆய்வில், பார்த்த பன்றிகளுள் நூற்றுக்கு 88 அவ்வளவைக் கடந்திருந்தன. வல்லரசுகள் வானில் வெடித்துப் பார்த்த பழைய அணுகுண்டுகளின் எச்சமும் அத்தசையில் இருந்தது!

இனி நம் நிலத்திற்கு வருவோம். 1984-இல் தொடங்கிய கல்பாக்கமும், 2013-இல் மின்தரத் தொடங்கிய கூடங்குளமும் தெப்பக்காட்டினின்று நேர்த்தொலைவில் ஏறத்தாழ 400 கிலோமீட்டரே. பவேரியாவின் தொலைவில் மூன்றிலொரு பங்கு! முகிலைத் தடுத்து மழை பெறும் மலையும், மட்கு நிறைந்த மண்ணும் நீலமலைக்கும் உண்டு. அண்டையிலுள்ள சிங்காராவில் நியூத்திரினோ ஆய்வுக்கூடம் அமைக்க முயன்றபோது, யானை வழித்தடம் கெடுமென்று 2009-இல் நடுவணரசே மறுத்தது. அஃது அணுவுலையுமன்று. அருகிலுள்ளதற்கு அத்துணைக் கருத்துச் செலுத்தியோர், தொலைவிலுள்ள உலைக்கும் இக்காட்டிற்கும் உள்ள உறவை எண்ணினரா?

தேனும் கிழங்கும் எடுத்து வாழும் குறும்பர்க்கும் காட்டுநாயக்கர்க்கும் காடே அடுக்களை. ஆகவே, முதுமலையின் மண், காளான், தேன், இறந்துபட்ட பன்றியின் தசை ஆகியவற்றிலுள்ள சீசிய அளவை, கேடு நிகழுமுன்னரே, இன்றே அளந்து வைத்தல் வேண்டும். முன்னளவு இல்லையேல் பின்னளவைக் கொண்டு எவர்மேல் வழக்குரைப்பது? அக்கணக்கு ஆண்டுதோறும் தமிழில் அச்சாகித் தெப்பக்காட்டு ஊர்மன்றில் ஒட்டப்பெறுதல் வேண்டும்.