அழித்துவிட்டுச் சொல்லும் ஆன்டிவைரஸ்

மார்ச் 31 மாலை. கணக்கர் ஒருவர் ஆண்டுக் கணக்கை எக்செல்லில் முடித்துவிட்டு 'சேவ்' கொடுக்கிறார். கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்று பதில் வருகிறது. அதே நேரம் திரையின் வலது மூலையில் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்த்து, ஒரு ஆபத்து நீக்கப்பட்டது என்கிறது. எந்த ஆபத்து, எந்தக் கோப்பு, ஒன்றும் தெரியாது. மூன்று முறை இப்படி நடந்தால் அவர் என்ன செய்வார்? ஆன்டிவைரஸையே நிறுத்திவிடுவார். பிறகு அதை மறுபடி இயக்க மறந்தும் போவார். வைரஸுக்கு இதைவிட நல்ல நாள் வேறு இல்லை!

தற்காலிகக் கோப்பு என்றாலே குப்பை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி அல்ல. எக்செல் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் ஏதோ ஒரு பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை நீக்கி, அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டுகிறது. இடையில் ஆன்டிவைரஸ் கை வைத்தால் சேமிப்பு பாதியில் நின்றுவிடும். புதிய மென்பொருட்களை நிறுவும்போதும் பல நேரம் 'டெம்ப்' ஃபோல்டரில்தான் அவை பிரிக்கப்படுகின்றன.

ஆன்டிவைரஸ் பக்கமும் நியாயம் உண்டு. டெம்ப் ஃபோல்டரில் எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவையில்லை. அதனால் வைரஸ்களும் அங்கேதான் முதலில் வந்து இறங்கப் பார்க்கின்றன. எனவே சந்தேகப்படுவது தவறல்ல. விசாரிக்காமல் தண்டனை கொடுப்பதுதான் தவறு.

பெரிய நிறுவனங்களுக்கே இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. 2007 மே மாதம் சைமன்டெக் வெளியிட்ட ஒரு அப்டேட், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு சிஸ்டம் கோப்புகளை வைரஸ் என்று நீக்கியது. அந்தக் கணினிகள் மறுபடி பூட் ஆகவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் அப்டேட், எக்ஸ்பியின் எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்ற முக்கியக் கோப்பின் மேல் பாய்ந்தது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய அப்டேட் கோப்பையே வைரஸ் என்றது! வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

சரி, இப்படி நடந்தால் என்ன செய்வது? முதலில் எக்செல்லை மூடக்கூடாது. செய்த வேலை இன்னும் திரையில் இருக்கிறது. 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு ஃபோல்டரிலோ பென் டிரைவிலோ சேமித்துப் பார்க்கலாம். அடுத்து ஆன்டிவைரஸின் ஹிஸ்டரியைத் திறந்து, நீக்கப்பட்ட கோப்பு எங்கே இருந்தது, என்ன பெயரில் பிடிபட்டது என்று பார்க்க வேண்டும். அந்தப் பெயரில் 'ஜென்' அல்லது 'ஹியூர்' என்று இருந்தால், பெரும்பாலும் அது பொதுவான அடையாளத்தையோ ஊகத்தையோ வைத்துப் பிடித்தது.

பிறகு அந்தக் கோப்பை உருவாக்குவது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் புரோகிராமையும் திறக்காமலே, கணினியை இயக்கும்போதெல்லாம் அதே கோப்பு முளைக்கிறது என்றால் சந்தேகம் சரியாக இருக்கலாம். அப்போது தற்காலிகக் கோப்பை மட்டும் நீக்குவது, வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவது போலத்தான். கணினி முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். விண்டோஸ் டிஃபென்டரில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' இதற்கு உதவும். கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குவது நல்லது. ஒரே கோப்புக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும்.

கோப்பு நம்பகமான புரோகிராமுடையது என்று உறுதியானால் மட்டுமே விலக்கு கொடுக்கலாம். அதையும் அந்தப் புரோகிராமின் ஃபோல்டருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். டெம்ப் ஃபோல்டர் முழுவதற்கும் விலக்கு கொடுப்பது, திருடனுக்குச் சாவி கொடுப்பதற்குச் சமம். சந்தேகம் இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஏற்றும் கோப்புகள் மற்றவர் பார்வைக்கும் போகும் என்பதால் கணக்குக் கோப்புகளை ஏற்றவே கூடாது.

ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும் என்றால், பயனாளர் படிக்காமலே 'ஓகே' அழுத்திவிடுவார் என்று சிலர் சொல்லலாம். அது உண்மைதான். அதனால் கேட்க வேண்டாம். அழிக்கவும் வேண்டாம். குவாரன்டைனில் பூட்டி வைத்து, ஏன் பிடித்தோம் என்று புரியும்படி ஒரு வரி சொன்னால் போதும். தவறாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும். ஆன்டிவைரஸ் வாங்குபவர்கள் எத்தனை வைரஸைப் பிடிக்கும் என்று மட்டும் கேட்காமல், பிடித்த பிறகு என்ன செய்யும் என்றும் கேட்க வேண்டும். சந்தேகப்பட்டவரை வாசலில் நிறுத்தி வைக்கும் காவல்காரரை வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். வீட்டுப் பிள்ளையையே விரட்டும் காவல்காரரை எத்தனை நாள் வைத்திருப்பார்?