படுத்த பிறகு வரும் பணம்

எங்கள் செகந்திராபாத் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறார். மாநில அரசின் மருத்துவ உதவித் திட்டமான ஆரோக்கியஸ்ரீயில் கட்டணமில்லை. ஆனால் அன்றெல்லாம் ஆட்டோ நிற்கிறது. துணைக்குப் போகும் மனைவிக்கும் கூலியில்லை. மகன் படிப்பை விட்டுவிட்டு உணவு டெலிவரிக்குப் போகிறான். இந்த நஷ்டத்தை எந்த அரசுக் கணக்கில் எழுதுகிறார்கள்?

2007இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை; அது இல்லாவிட்டால் அவர் இன்று இல்லை. 2023 டிசம்பரில் அதன் சிகிச்சைச் செலவு வரம்பு 10 லட்சம் ரூபாயானதும் நல்லதுதான். ஆனாலும் அது பெரும்பாலும் ஆள் படுத்த பிறகு வரும் பணம். அவர் சிறுநீரகத்தைக் கெடுத்தவை, வருஷக்கணக்கில் யாரும் சோதித்துப் பார்க்காத ரத்த அழுத்தமும் சர்க்கரையும். பஸ்திகளில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், அரசு நடத்தும் சிறு மருத்துவமனையான பஸ்தி தவாகானாவில் அந்தச் சோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். ஆனால் சாயங்காலத்துக்குள் கதவை மூடிவிட்டால், ராத்திரி சவாரி முடித்து வருகிறவர் எப்போது போவார்?

சுகாதார நிதியில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப சிகிச்சைக்கு என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்கிறது. அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றும் சொன்னது. கெடு கடந்துவிட்டது. பஸ்திதோறும் இரவு 9 மணி வரை ஒரு டாக்டர், மாதம் தவறாமல் மாத்திரை. பட்ஜெட்டில் முதல் ஒதுக்கீடு இதற்குத்தான் வேண்டும்.